சாவியம்மாவின் அலமாரி

அந்தத் தொடக்கப்பள்ளியில் பதினோரு அறைகள், பதினோரு பூட்டுகள். எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்ததால் அவளுக்குச் சாவியம்மா என்று பெயர் வந்தது. வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கத்தான் செய்தது. காலையில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது அவளுக்கு ஞாபகம் வரும்.

இங்கே வருவதற்கு முன் பத்து வருடம் ஒரு தையல் கூடத்தில் காஜா எடுத்து, பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தை மூடிவிட்டார்கள். பள்ளிக்கூட உதவியாளராக வந்து சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அறைகளைத் திறப்பாள், பெருக்குவாள், பாடவேளைக்குப் பாடவேளை மணி அடிப்பாள், தண்ணீர்த் தொட்டியை நிரப்புவாள், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அலறியபடி வரும் பிள்ளைகளுக்கு மருந்து போட்டு அனுப்புவாள். இதெல்லாம் போதாதென்று அவள் தலையில் வந்து விழுந்ததுதான் தொலைந்த பொருள் அலமாரி.

தாழ்வாரத்தின் கோடியில் நின்ற பழைய இரும்பு அலமாரி அது. பிள்ளைகள் எதையெல்லாம் தொலைப்பார்கள் என்று கேட்பதைவிட, எதைத் தொலைக்கமாட்டார்கள் என்று கேட்டால் பதில் சுருக்கமாக முடிந்துவிடும். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, டப்பாவை விட்டுவிட்டு மூடி மட்டும், ஒற்றைக் காலுறை, ஒருமுறை விழுந்த பல்லைச் சுற்றிவைத்த காகிதப் பொட்டலம்கூட வந்தது. ஆரம்பத்தில் அலமாரி திறந்தே கிடக்கும். கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரே மாதிரி பாட்டில் முப்பது இருந்தால் என்ன ஆகும்? ஒருநாள் இரண்டு அம்மாக்கள் ஒரே பாட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி அலுவலக அறை வாசலில் வந்து நின்றார்கள். அன்றைக்கே சாவியம்மா அலமாரியைப் பூட்டினாள்.

பூட்டியதோடு ஒரு சட்டமும் போட்டாள். கதவைத் திறக்குமுன் வாயைத் திறக்க வேண்டும்.

"சாவியம்மா, என் பாட்டில்."

"எப்படி இருக்கும்?"

"அது... நீலமா இருக்கும்."

"உள்ள ஏழு நீலம் இருக்கு. நான் கண்ணை மூடிக்கிறேன். உன் பாட்டில் என் கண்ணுக்குள்ள வர மாதிரி சொல்லு பாப்போம்."

"மூடி வெள்ளை. அதுல ஒரு ஓரத்துல பல்லுத் தடம் இருக்கும். எங்க தம்பி கடிச்சது. அவனுக்கு எதைக் குடுத்தாலும் கடிப்பான்."

"கடைசியா எங்க பாத்தே?"

"சறுக்குமரத்துக்கிட்ட. இல்ல இல்ல, கை கழுவுற இடத்துல. அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..."

அவ்வளவுதான், கதை கொட்ட ஆரம்பித்துவிடும். யார் தள்ளிவிட்டது, யார் அழுதது, அப்புறம் யார் சமாதானம் செய்தது, எல்லாம் வரிசையாக வரும். சாவியம்மா இடையில் நறுக்கென்று ஒரு கேள்வி போடுவாள். பிள்ளை யோசித்துத் திருத்திச் சொல்லும். பொருள் அவள் கண்ணுக்குள் வந்தபின்தான் சாவி பூட்டுக்குள் போகும். "அது, அந்த, அப்படியே" என்று இழுப்பவர்களுக்கு அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "அதுன்னு ஒரு சாமான் எங்கிட்ட இல்ல. போய் யோசிச்சுட்டு நாளைக்கு வா." பின்னால் நிற்கும் வரிசை சிரிக்கும். திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளையும் அசடு வழிந்துகொண்டே போய், மறுநாள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வரும்.

இப்படியே பதினெட்டு வருடம் ஓடியது. இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்தவர் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

அவருக்கு அந்த வருடம் பேச்சு வகுப்பு என்று வாரத்துக்கு ஒரு பாடவேளை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பேச்சுத்திறன் வளர வேண்டுமாம். பேச்சு வகுப்புகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, அங்கே அதிகம் பேசுவது ஆசிரியர்தான். படத்தைக் காட்டி "இது என்ன?" என்பார். "யானை" என்று முப்பத்தொரு குரல் கத்தும். "யானை என்ன செய்கிறது?" "நடக்கிறது." பாடம் முடிந்தது, பேச்சு வளர்ந்துவிட்டது. டீச்சர் நேர்மையானவர். இது வளர்ச்சி இல்லை, வாய்ப்பாடு என்று அவருக்கே தெரிந்திருந்தது. வகுப்பில் ஒற்றை வார்த்தைக்கு மேல் தாண்டாத ஒரு பையன் அலமாரி முன்னால் நின்று தன் காலுறையைப் பற்றிப் பதினான்கு வாக்கியம் பேசுவதை ஒருநாள் நின்று எண்ணினார். மறுவாரம் நோட்டும் பேனாவுமாக அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இங்க அவங்களுக்கு உண்மையிலயே ஒண்ணு வேணும் சாவியம்மா. அதான் பேசறாங்க" என்றார். "யானை எப்படிப் போனா அவங்களுக்கென்ன?"

அப்புறம் அலமாரிக்கு மவுசு வந்துவிட்டது. தலைமையாசிரியை ஆசிரியர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. சாவியம்மாவுக்குத் தலை கொஞ்சம் கனத்தது என்பதை மறைப்பானேன்? அலமாரிக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தாள். வீட்டில் அவள் கணவர், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேலி செய்தார்.

"ஊரான் பிள்ளைங்களை எல்லாம் பேச வைக்கிறியாம். வீட்டுல ஒரு கேள்வி கேட்டா தலையை ஆட்டுற."

"நீங்க என்ன தொலைச்சீங்க, நான் பேசறதுக்கு?" என்றாள்.

அதிகாரிகள் வந்த நாளில் காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. பள்ளி விடும் நேரத்துக்கு அலமாரி முன்னால் வரிசை நின்றது. முதலில் நின்றவள் ரேடியோ. மூன்றாம் வகுப்பில் வாய் ஓயாத பெண், தூங்கும்போது மட்டும் நிறுத்துவாள் என்று அவள் அம்மாவே சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அடுத்து நின்றவள் அதே வகுப்பு, அதே பெஞ்சு. பேசத் தெரியாதவள் இல்லை. வார்த்தைகள் அவளிடம் ஒவ்வொன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு வரும். பிள்ளைகள் ஆமை என்று கூப்பிட ஆரம்பித்தபோது டீச்சர் முந்திக்கொண்டு நிதானம் என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்தது. ஆறு மாதம் பொறுத்துப் பொறுத்து, அந்த மாதம்தான் அவள் வகுப்பில் முழு வாக்கியம் ஒன்று சொல்லியிருந்தாள்.

"ஒரு மழைக்கோட்டு, சாவியம்மா" என்று ரேடியோ ஆரம்பித்தாள். "சிவப்பு. ஆனா பளிச்சுனு இல்ல, துவைச்சுத் துவைச்சு வெளுத்த சிவப்பு. நாலு மஞ்சப் பட்டன், மேலேருந்து ரெண்டாவது மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்புப் பட்டனை வெள்ளை நூலால தைச்சிருக்கும். இடது பாக்கெட்டு ஓரத்துல கிழிஞ்சிருக்கும்."

"கடைசியா எங்க பாத்தே?"

"நூலகத்துக்கு வெளிய, கைப்பிடிச் சுவர் மேல. மடிச்சு வச்ச மாதிரி ஆரம்பிச்சு பாதியில விட்ட மாதிரி கிடந்துச்சு."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பேனாக்கள் ஓடின. பொத்தான் தைத்த கையல்லவா, வெள்ளை நூல் விவரத்தில் சாவியம்மா சொக்கிப்போனாள். கதவைத் திறந்து கோட்டை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உதறிக் காட்டிக் கொடுத்தாள். ரேடியோ வாங்கி மாட்டிக்கொண்டு பறந்துவிட்டாள்.

நிதானம் முன்னால் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. போகிறவளின் முதுகை நோக்கிக் கை நீண்டது.

"அது... என்..."

வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வரிசையில் இன்னும் எட்டுப் பேர். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சாவியம்மா குரலை உயர்த்தி, கூட்டத்துக்குக் கேட்கும்படி, தன் பிரசித்தமான பதிலைச் சொன்னாள்.

"அதுன்னு ஒரு சாமான் எங்கிட்ட இல்லியே கண்ணு! போய் யோசிச்சுட்டு நாளைக்கு வா."

பிள்ளைகள் சிரித்தார்கள். கூட நின்ற தலைமையாசிரியையும் சிரித்தார். வந்திருந்த இருவரும்கூட. நிதானம் வரிசையிலிருந்து விலகி, தூறல் மழையானபோது மழைக்குள் இறங்கிப் போனாள்.

எல்லோரும் போனபின் விளையாட்டுச் சாமான் அறையைப் பூட்டப் போன சாவியம்மா, கதவுக்குப் பின்னால் ஒரு பச்சை மழைக்கோட்டு தொங்குவதைப் பார்த்தாள். காலரில் மார்க்கர் பேனாவால் ரேடியோவின் நிஜப் பெயரும் வகுப்பும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் காலை ரேடியோவைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் மறைக்கவில்லை. மறைக்க அவளுக்கு வராது.

"எங்கம்மா, இன்னொரு தடவை கோட்டைத் தொலைச்சே, அப்படியே வெளிய நிக்க வேண்டியதுதான்னு சொன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. இன்னிக்குக் கொண்டாந்து அவகிட்டயே குடுத்துடலாம்னுதான் இருந்தேன், ஆனா அவ வரல" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆனா நான் பொய் சொல்லல சாவியம்மா. எப்படி இருக்கும்னு கேட்டீங்க, சொன்னேன். எங்க பாத்தேன்னு கேட்டீங்க, பாத்த இடத்தைச் சொன்னேன். யாருதுன்னு நீங்க கேக்கவே இல்லியே" என்றாள்.

சாவியம்மாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பதினெட்டு வருடத்தில் என்ன நிறம் என்று கேட்டிருக்கிறாள், என்ன அடையாளம் என்று கேட்டிருக்கிறாள். யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அழகாகச் சொன்னவர்களுக்குக் கொடுத்தாள். சொல்ல வராதவர்களைச் சிரிப்புக்குள்ளாக்கி அனுப்பினாள். இதற்கு முன் எத்தனை பேர் அப்படிப் போனார்களோ?

நிதானத்துக்குக் காய்ச்சல். நான்காம் நாள்தான் வந்தாள். அதற்குள் சாவியம்மா சிவப்புக் கோட்டைத் துவைத்து, கிழிந்த பாக்கெட்டைத் தைத்து, மடித்து வைத்திருந்தாள். வாசலிலேயே அவளிடம் கொடுத்தாள். "மன்னிச்சுக்கோ கண்ணு" என்று மெல்லச் சொன்னாள். குழந்தை கோட்டை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வாரம் முழுதும், அடுத்த வாரமும் நிதானம் வாயே திறக்கவில்லை. வருகைப் பதிவின்போது கையை மட்டும் தூக்கினாள். கேள்வி கேட்டால் மேசையைப் பார்த்தாள். ஆறு மாதம் பாடுபட்டுச் சேர்த்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று டீச்சருக்கே தெரியவில்லை.

"மொத நாள்ல இருந்ததைவிட மோசம் சாவியம்மா" என்றார் டீச்சர். அவர் கண் கலங்கியிருந்தது. "அப்பவாவது பேச வரலைன்னு பேசாம இருந்தா. இப்ப பேசக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா."

சாவியம்மா தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மேசை மேல் கல்வி அலுவலகத்தின் பாராட்டுக் கடிதம் இருந்தது, அடுத்த மாதம் வேறு ஆறு பள்ளிகளிலிருந்து அலமாரியைப் பார்க்க வருகிறார்கள்.

"கோட்டைத்தான் திருப்பிக் குடுத்தாச்சே. மன்னிப்பும் கேட்டாச்சு. இதைப் போய் ஊதிப் பெரிசாக்கணுமா? குழந்தைங்க நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"நாலு நாள் ஆயிடுச்சும்மா. பத்தாவது நாள் நடக்குது" என்றாள் சாவியம்மா. அவர் கோப்பைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

மாலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கணவரிடம் சொன்னாள். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். கேலி ஒன்றும் வரவில்லை.

"அந்தப் பொண்ணைப் பாத்து சிரிச்சது எத்தனை பேரு?"

"பத்துப் பதினஞ்சு பேரு இருக்கும். பெரியவங்க மூணு பேரு."

"நீ மன்னிப்புக் கேட்டது எத்தனை பேருக்குக் கேட்டுச்சு?"

சாவியம்மா தட்டைத் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, கடைசிக்கு முந்தின பாடவேளை, பேச்சு வகுப்பு. "ரெண்டு நிமிஷம் போதும் டீச்சர்" என்று கேட்டு வாங்கியிருந்தாள். அந்த அறையை அவள் தினமும் பெருக்குகிறாள். ஆள் இருக்கும்போது கரும்பலகைக்கு முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. முப்பத்தொரு பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். மூன்றாவது பெஞ்சில் நிதானம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கோ ஓடிப்போயிற்று. கேள்வி கேட்டே பழகிய வாய் அது. பதில் சொல்லிப் பழக்கமில்லை.

"அன்னிக்கு... ஆபீஸ்லேருந்து வந்தாங்கல்ல..."

"ரெண்டு பேரு!" என்றான் ஒருவன்.

"கண்ணாடி போட்டவங்க!"

"ஆமா. அப்ப நான்... அங்க நின்னுட்டு... வந்து..."

"கதவைத் திறந்தீங்க!"

"மழைக்கோட்டு குடுத்தீங்க!"

நாலா பக்கமிருந்தும் உதவி வந்தது. பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவளுக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு வார்த்தையும், அவள் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டிருந்த வார்த்தையைத் தட்டிவிட்டது. நெற்றி வேர்த்தது. உள்ளே எல்லாம் இருக்கிறது, வந்துகொண்டும் இருக்கிறது, வாசல்வரை வருவதற்குள் யாரோ கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்தக் குழந்தைக்குத் தினமும் இப்படித்தானா?

"சாவியம்மா என்ன சொல்ல வராங்கன்னா..." என்று டீச்சரே எழுந்துவிட்டார். எழுந்தபின் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரேடியோ ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் காது சிவந்திருந்தது.

"நான் அன்னிக்கு... ஒரு தப்பு..." என்றாள் சாவியம்மா. அதற்குமேல் நின்றுபோயிற்று. ஒரு பையன் பென்சிலை உருட்டினான். யாரோ கொட்டாவி விட்டார்கள். நேரம் போனது. பாடவேளை எப்போதோ முடிந்திருக்க வேண்டும். மணி அடிக்க வேண்டியவள் இங்கே நிற்கிறாள், யார் அடிப்பது?

பக்கத்து வகுப்புகளில் இரைச்சல் கிளம்பியது. வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார்.

"என்ன இது, பத்து நிமிஷமா மணி அடிக்கல? நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"இதோ வந்துட்டேம்மா" என்று சாவியம்மா திரும்பினாள். பதினெட்டு வருடப் பழக்கம், கால் தானாக நகர்ந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட ஆறுதலாகவும் இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"அவங்க..."

மூன்றாவது பெஞ்சில் நிதானம் எழுந்து நின்றிருந்தாள். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"என்னம்மா?" என்றார் தலைமையாசிரியை. "சீக்கிரம் சொல்லு."

டீச்சர் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். ஒருவரும் வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

"அவங்க... இன்னும்... சொல்லி... முடிக்கல."

தலைமையாசிரியை அந்தக் குழந்தையைப் பார்த்தார், பிறகு சாவியம்மாவைப் பார்த்தார். திரும்பிப் போனார். சற்று நேரத்தில் மணி கேட்டது, பழக்கமில்லாத கை அடிப்பது தெரிந்தது. வகுப்பில் யாரும் எழுந்திருக்கவில்லை.

சாவியம்மா மறுபடி கரும்பலகைக்கு முன்னால் வந்தாள்.

"நீ சொல்ல ஆரம்பிச்சே கண்ணு" என்றாள். இந்தமுறை குரல் நிற்கவில்லை. "என்னோடதுன்னு சொல்ல வந்தே. எனக்குக் காதுல விழுந்துச்சு. வந்தவங்க முன்னாடி பேரெடுக்கணும்னு உன்னை நடுவுல நிறுத்தினேன். எல்லாரையும் சிரிக்க வச்சேன். சிரிச்சவங்க மேல தப்பில்ல, ரேடியோ மேலயும் பாதிதான். மிச்சம் எல்லாம் என் தப்பு."

நிதானம் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சாவியம்மா சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுபோல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "நான்... வீட்டுக்குப் போறதுக்குள்ள... முழுசா... நனைஞ்சுட்டேன்."

கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"இன்னும்... இருக்கு" என்றாள்.

சாவியம்மா முதல் பெஞ்சின் ஓரத்தில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டாள்.